வெண்பிரம்பும் பொன்னாடையும்

ஒக்டோபர் 15 வந்துவிட்டால் எமது ஊர்ப் பிரமுகர் பலருக்கு விழிப்புலனற்றோர்மீது திடீர் அன்பு பிறந்துவிடுகிறது. மண்டபம் சோடிக்கப்படுகிறது, மங்கள விளக்கு ஏற்றப்படுகிறது, பொன்னாடைகள் ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குத் தாவுகின்றன. அத்தகைய வெள்ளைப் பிரம்பு தினக் கூட்டமொன்றில் நானும் பேசினேன். பேசியவர் பதினொருவர். அவருள் ஒருவரேனும் விழிப்புலனற்றவர் அல்லர். எவருக்காகக் கூட்டமோ அவர்கள் முன்வரிசையிலே மூன்று மணி நேரம் மௌனமாக அமர்ந்திருந்து, பெயர் அழைத்தபோது எழுந்து, பிரம்பை வாங்கி, படம் பிடிப்பவர் சொன்ன திசைக்கு முகத்தைத் திருப்பினர்.

வாயிலிலே ஓர் இளைஞர், பட்டதாரி, என்னை நிறுத்தினார். "ஐயா, பிரம்பு என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, வேலைதான் இல்லை" என்றார். மேடையிலே சரளமாகப் பேசிய எனக்கு அங்கே மறுமொழி வரவில்லை.

இதற்குச் சமூகப் பங்காளித்துவம் என்று பெயராம்! பங்காளி என்பவன் யார்? எமது கமக்காரரைக் கேளுங்கள். கிணற்றிலே பங்குள்ளவன் தன் முறை வந்ததும் இறைப்பான். பக்கத்துத் தோட்டக்காரனிடம் கையேந்தி நில்லான். அவன் பங்கு உறுதியிலே எழுதப்பட்டிருக்கிறது.

விழிப்புலனற்றோருக்கும் உறுதி எழுதப்பட்டே இருக்கிறது. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை இயலாமையுடையோருக்கு ஒதுக்குமாறு 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியாயிற்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதன் 23ஆம் பிரிவிலே, ஆட்சேர்ப்பிலும் கல்வி நிலைய அனுமதியிலும் இயலாமையைக் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். பொதுக் கட்டடங்கள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. உறுதி பெட்டியிலே பத்திரமாக இருக்கிறது. பங்காளியைத்தான் துலாவில் கைவைக்க விடுகிறோமில்லை.

கொழும்பு ஆட்சியாளரை மட்டும் ஏசித் தப்பிவிட நான் விரும்பவில்லை. மொழியுரிமைக்காக முழங்கும் நாம், எமது அறிவித்தல்களில் எத்தனையைப் பிரெயில் எழுத்திலே தந்திருக்கிறோம்? ஓரடி வேலிக்காக இருபது ஆண்டு வழக்காடும் எமது சட்டத்தரணிகள், 23ஆம் பிரிவின்கீழ் எத்தனை மனுக்களை வரைந்திருக்கிறோம்? என் அலுவலகத்திலிருந்து ஒன்றும் போகவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் துணிவும் ஊட்டி அனுப்புகின்றன. அப்பிள்ளை ஊருக்குத் திரும்பியதும், "பாவம், இருக்கட்டும்" என்று திண்ணையிலே இருத்திவிடுவது நாம். போரிலே விழியிழந்தவர்களையும் அவ்வாறே இருத்தினோம். 1961இலே கண்தானச் சங்கம் கண்ட தீவு இது. 1964 முதல் விழிவெண்படலங்களைக் கடல்கடந்து அனுப்பிய தீவு. இறந்தபின் கண்ணைக் கொடுக்கத் தயங்காத எமக்கு, உயிரோடிருக்கும்போது ஒரு நாற்காலி கொடுக்க மனமில்லை.

ஆம், நாற்காலிதான் கேட்கிறேன். சனசமூக நிலைய நிர்வாகத்திலே, கூட்டுறவுச் சங்கப் பணிப்பாளர் சபையிலே, வாக்குரிமையுள்ள நாற்காலி. அலங்காரத்துக்கு அன்று. சங்கத்தில் அடுத்த வெற்றிடம் வரும்போது விழிப்புலனற்ற விண்ணப்பதாரியை நேர்முகத்துக்கு அழையுங்கள். மறுப்பதாயின் காரணத்தை எழுத்திலே கொடுங்கள். அக்காரணத்தை நீதிமன்றத்திலே வாசித்துக் காட்ட இப்போது ஆள் இருக்கிறது: அந்த இளைஞரின் கோவையைச் சென்ற வாரம் திறந்துவிட்டேன்.

வரும் ஒக்டோபரில் என்னை அழைக்க எண்ணியிருப்போருக்கு ஒரு வார்த்தை. தலைமை வகிப்பவர் யார் என்பதை முதலில் அறிவியுங்கள். அதன்பின் வருவதா இல்லையா என்று சொல்கிறேன்.