அப்டேட் போட்டால் பூட்டிக்கொள்ளுமா?

"அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க சார், திரும்ப லாக் ஆயிடும்." காலை நடையிலும் கல்யாணப் பந்தியிலும் அடிக்கடி காதில் விழும் அறிவுரை இது. அமெரிக்காவிலிருந்து வரும் மகனோ மகளோ தாங்கள் உபயோகித்த ஐபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது அந்த ஊர் கம்பெனி சிம்மை மட்டுமே ஏற்கும். இங்கே ஏதோ ஒரு கடையில் கொடுத்து நம்ம ஊர் சிம் வேலை செய்கிற மாதிரி செய்து வாங்கிக்கொள்கிறோம். அதற்கப்புறம் திரையில் அப்டேட் என்று வந்தாலே பாம்பைக் கண்ட மாதிரி விலகிவிடுகிறோம்.

என் கட்சி இதுதான். முறையாகத் திறந்த போன், அப்டேட் போட்டால் பூட்டிக்கொள்ளாது. பூட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டிய போன் என்றால், அது இன்னும் சரியாகத் திறக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஐபோன் முதன்முதலாக அமெரிக்காவில் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தபோது, ஏ.டி. அண்டு டி. என்ற ஒரே கம்பெனியின் சிம்தான் அதில் வேலை செய்யும். இரண்டே மாதத்தில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் பூட்டை உடைத்துவிட்டான். மற்றவர்கள் மென்பொருள் வழியாகவே உடைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அந்த செப்டம்பரில் ஆப்பிள் ஒரு எச்சரிக்கை விட்டது: இப்படித் திறந்த போன்கள் அடுத்த அப்டேட்டில் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். சில நாளில் 1.1.1 என்ற அப்டேட் வந்தது. போட்டவர்களில் பலருடைய போன் வெறும் செங்கல்லாகிவிட்டது.

ஏன் அப்படி? போனுக்குள் இரண்டு மூளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாம் பார்க்கிற திரை, வாட்ஸ்அப், கேமரா எல்லாவற்றையும் கவனிக்கும். இன்னொன்று டவரோடு மட்டும் பேசும். அதற்குப் பேஸ்பேண்ட் என்று பெயர். சிம் பூட்டு இருப்பது இந்த இரண்டாவதில். அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அன்று திறந்தார்கள். அப்டேட் வரும்போது இரண்டு மூளைக்கும் சேர்த்தே புதுச் சரக்கு வரும், ஓட்டை அடைபடும். பேஸ்பேண்டைப் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. அதனால் மேல்மூளையை மட்டும் புதுப்பித்து, பேஸ்பேண்டைத் தொடாமல் விடத் தனிக் கருவிகளே செய்தார்கள். திறப்பும் வேண்டும், அப்டேட்டும் வேண்டும் என்பதற்காக இத்தனை பாடு.

இதெல்லாம் கொல்லைவாசல் வழி. தலைவாசல் வழி ஒன்று இருக்கிறது. போனை விற்ற கம்பெனியே திறந்துவிட்டால், ஆப்பிளின் பதிவில் அந்தப் போனின் ஐஎம்இஐ எண்ணுக்கு எதிரே 'பூட்டு இல்லை' என்று ஏறிவிடும். அப்டேட் போட்டாலும், போனையே மொத்தமாக அழித்துப் புதிதாகத் தொடங்கினாலும், அது பார்ப்பது அந்தப் பதிவைத்தான். வீட்டுக்கு வெள்ளையடித்தால் தாலுகா ஆபீசில் பட்டா மாறிவிடுமா?

நம்மவர்களுக்கு இந்தப் பூட்டு புதிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் போனைத் தனியாக வாங்குவோம், சிம்மைத் தனியாக வாங்குவோம். இருந்தாலும் பூட்டு அறவே தெரியாதவர்கள் இல்லை நாம். 2003-ல் 501 ரூபாய் கட்டி ரிலையன்ஸ் போன் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும், அதை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக முடியாது. 2017-ல் வந்த ஜியோபோனும் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்றது. அதற்காவது 1500 ரூபாய் டெபாசிட்தான்.

எனக்கு உறுத்துவது 2008 கதை. அந்த ஆகஸ்ட் 22-ல் ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜியை இங்கே கொண்டுவந்தன. 8 ஜிபி போனுக்கு விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே போன் இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 199 டாலர். அங்கே கம்பெனி தன் கையிலிருந்து காசு போட்டு விலையைக் குறைத்தது, அந்தக் காசைத் திரும்ப எடுப்பதற்காகப் பூட்டியது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே முழு விலையையும் வாங்கிக்கொண்டு பூட்டியும் விற்றார்கள். இதற்கு என்ன நியாயம்?

அந்தக் காலக் கருப்பு டெலிபோன் இலாகாவின் சொத்து. நாம் வாடகை கட்டினோம், அவர்கள் சொன்னபடி கேட்டோம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் வேறு. திண்டுக்கல் பூட்டு வாங்கினால் சாவியையும் சேர்த்துத்தானே கொடுக்கிறார்கள்? பூட்டை நம்மிடம் விற்றுவிட்டுச் சாவியைக் கடைக்காரரே இடுப்பில் செருகிக்கொண்டால் சும்மா வருவோமா?

மற்ற நாடுகள் இதை உணர்ந்துவிட்டன. அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் சட்டமே போட்டு, வாடிக்கையாளர் தன் போனைத் திறந்துகொள்ளும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும், திறக்கக் கட்டணமும் வாங்கக் கூடாது. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போன் விற்கத் தடை. 2011 ஜனவரி 20 முதல் நம் நாடு முழுக்க நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறும் உரிமை வந்தது. நம்பர் நம்முடையது என்று ஒப்புக்கொண்ட அரசாங்கம், முழு விலை கொடுத்த போனும் நம்முடையதே என்று விதியாக எழுதி வைக்க வேண்டும்.

அது வரும்போது வரட்டும். நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கீழே பாருங்கள். கேரியர் லாக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை. படங்களையும் நம்பர்களையும் ஒரு பிரதி எடுத்துவைத்து, சார்ஜரில் போட்டு, தைரியமாக அப்டேட் போடுங்கள். சிம் தட்டைத் திறந்தும் பாருங்கள். சிம்மோடு ஒட்டினாற்போல் மெல்லிய சில்லு ஒன்று இருந்தால், அது கொல்லைவாசல் வேலை. அந்தப் போனுக்கு அப்டேட் போட்டால் சிக்னல் போக வாய்ப்புண்டு.

அப்படியானால் போடாமலே விட்டுவிடலாமா? கூடாது. நம்மில் பலர் பென்ஷன் பார்ப்பதும் கரண்ட் பில் கட்டுவதும் பேரனுக்குப் பணம் அனுப்புவதும் அந்தப் போனில்தான். அப்டேட் என்பது புதுப் பூச்சு மட்டுமல்ல, திருடன் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அதுதான். பழைய மென்பொருளில் வங்கி ஆப்பும் வாட்ஸ்அப்பும் ஒரு நாள் நின்றும் போகும். சிம் நிலைக்க வேண்டும் என்று பணத்தைத் திறந்த வீட்டில் வைப்பதா?

மகனுக்கோ மகளுக்கோ போன் போட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வாங்கிய கம்பெனியில் தவணை பாக்கி இல்லாவிட்டால், அங்கிருந்தபடியே கேட்டு முறையாகத் திறந்துவிடலாம். பெரும்பாலும் செலவில்லாத வேலை. அடுத்த முறை போன் கொண்டுவருவதாகச் சொன்னால், ஊரை விட்டுக் கிளம்புமுன்பே இதை முடித்துவிடச் சொல்லுங்கள். யாரிடமோ கைமாறி வந்த போன், பழைய கம்பெனி திறக்க மறுக்கிறது என்றால், அதைப் பாட்டுக் கேட்கவும் பேப்பர் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை அதில் ஏற்றாதீர்கள். பணத்துக்கு, நம்ம ஊர்க் கடையில் பில்லோடு வாங்கிய சாதாரணப் போன் போதும்.