செங்கல்லான செல்லுக்கு உயிர் வருமா?

அப்டேட் பாதியில நின்னு, போன் லோகோவோட உறைஞ்சு போச்சா? நம்ம பசங்க பாஷையில அது 'பிரிக்', அதாவது செங்கல்! உடனே மெயின்கார்டு கேட் பக்கம் ஓடாதீங்க. ஒரு நிமிஷம்!

இந்தச் சோதனை உங்களுக்கு மட்டும் இல்லை. 2021 புத்தாண்டு சமயத்தில் ஷியோமி எம்ஐ ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 வந்தது. போட்ட பலருக்கு போன் ஆன் ஆகவே இல்லை. கம்பெனி அப்டேட்டை நிறுத்திட்டு, வாரன்டி முடிஞ்சிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் இலவசமா சரிசெய்து தர்றதா இந்தியாவில் அறிவிச்சுது. ஸோ, கம்பெனி அப்டேட்டால கெட்டுதுன்னா, பர்ஸைத் திறக்கும் முன்னாடி வாயைத் திறந்து கேளுங்க!

எப்படி உயிர் வரும்? ஸ்ரீரங்கத்துல ஏழு பிரகாரம் இருக்கே, அதை நினைச்சுக்கோங்க. போனில் மூலஸ்தானம், சிப்பிலேயே பதிஞ்ச பூட் ரோம். அடுத்து பூட்லோடர், அப்புறம் கெர்னல், வெளியே ஆண்ட்ராய்டு. சாமி புறப்பாடு மாதிரி உள்ளேயிருந்து வெளியே வரணும். அப்டேட்டில் அடிபடுறது வெளிப் பிரகாரம்தான். பூட் ரோமை அப்டேட்டால அழிக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான்:

1. அரை மணி நேரம் சார்ஜ் போட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாம அழுத்துங்க. சில போன்கள் இதிலேயே முழிச்சுக்கும்.

2. பவரோடு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தினா ரெக்கவரி மெனு வரும். 'ரீபூட்' ஓகே. 'வைப் டேட்டா' பக்கம் போகாதீங்க! போன் பிழைச்சாலும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும், பாட்டியோட கடைசி வாய்ஸ் மெசேஜும் திரும்பாது.

3. ஸ்கிரீன் கறுப்பா? கம்ப்யூட்டரில் கேபிள் போட்டுப் பாருங்க. குவால்காம் சிப் போனா இருந்து, டிவைஸ் மேனேஜரில் '9008'னு வந்தா, மூலஸ்தானத்தில் விளக்கு எரியுது! ஆனா இதுக்கு மேல சர்வீஸ் சென்டர் வேலை.

4. நீங்களே ஃபர்ம்வேர் ஏத்துறதா இருந்தா உங்க மாடலுக்கு உரியது மட்டும்தான். அண்ணன் மாடலோடது வேணாம். பூட்லோடரை அன்லாக் பண்ணினா டேட்டா மொத்தமும் காலி.

கடையில் கொடுக்கும்போது முதல் கேள்வி, 'எவ்வளவு ஆகும்?' இல்லை பாஸ். 'டேட்டா போகுமா?' இப்போதைய போன்கள் டேட்டாவைப் பூட்டி வைக்கிற சாவி போர்டில்தான் இருக்கு. மதர்போர்டை மாத்தினா போட்டோவும் போச்சு. சிம், மெமரி கார்டைக் கழட்டிட்டுக் கொடுங்க.

அடுத்த அப்டேட்டுக்கு முன்னாடி பேக்கப் எடுங்க, பாதிக்கு மேல சார்ஜ் இருக்கணும். செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மட்டும் வேணவே வேணாம்! அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!