ஓசூர் பட்டறையில் ரூட் டூ

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் சிறு பட்டறைகளுக்குப் பழகிய வேலை இது. உருண்டைக் கம்பி ஒன்றின் முனையை மட்டும் மில்லிங் செய்து சதுரமாக்க வேண்டும். சதுரத்தின் பக்கம் 20 மி.மீ. அப்படியானால் கம்பியின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்?

சதுரத்தின் மூலைவிட்டம் எவ்வளவோ, அவ்வளவு. 20 பெருக்கல் ரூட் 2. கால்குலேட்டரில் தட்டினால் 28.2842712 என்று தொடங்கி, திரையில் இடம் இருக்கும் வரை எண்கள் வந்து விழும். புதிதாகச் சேர்ந்த ஐ.டி.ஐ. பையன் ஒருவன், "ரூட் டூன்னா 1.41தானே" என்று 28.2 மி.மீ.க்குக் கடைந்துவிட்டால் 84 மைக்ரான் குறையும். ஒரு தலைமுடியின் பருமன்தான். ஆனாலும் நான்கு மூலையும் லேசாக மழுங்கிவிடும். மூலை கூராக வேண்டும் என்று டிராயிங் சொன்னால், ஜாப் ரிஜெக்ட்!

ஒன்பதாம் வகுப்பில் 'மெய்யெண்கள்' பாடம் நடக்கும்போது, "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்காத மாணவர் குறைவு. பாடத்தில் இருக்கும் அத்தனை வகை எண்களும் இந்தப் பட்டறைக்குள் தினமும் வந்து போகின்றன.

ஷிஃப்டில் எத்தனை பீஸ் ஓடியது? 1, 2, 3... இவை இயல் எண்கள். ஒன்றுமே ஓடவில்லை என்றால் பூஜ்ஜியம். அதையும் சேர்த்தால் முழு எண்கள். மைனஸ் எண்களும் சேர்ந்தால் முழுக்கள். மைனஸ் கணக்கு வங்கிக் கடனுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 25 மி.மீ. தண்டுக்கு எச்7 டாலரன்ஸ் என்றால், மேலே 0, கீழே மைனஸ் 0.021. அதாவது 25-க்கு ஒரு மைக்ரான்கூட மேலே போகக்கூடாது. கீழே 21 மைக்ரான் வரை போகலாம்.

இந்த 0.021-ஐ 21/1000 என்று பின்னமாக எழுதலாம். இப்படி இரு முழுக்களின் பின்னமாக எழுத முடிந்தவை விகிதமுறு எண்கள். இவற்றின் தசமம் ஒன்று எங்காவது முடியும், அல்லது ஒரே வரிசை திரும்பத் திரும்பச் சுழலும்.

சுழலும் தசமம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு வட்டத் தகட்டில் சம இடைவெளியில் ஏழு துளை போட வேண்டும். (ஏழு துளை வேலை அபூர்வம்தான், வந்தால் தலைவலி.) 360-ஐ ஏழால் வகுத்தால் 51.428571428571... இதை 51.4 என்று வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் அடுத்ததை அளந்து போனால், சின்னப் பிசகு ஆறு முறை சேரும். மையத்திலிருந்து 100 மி.மீ. தூரத்தில் துளைகள் இருந்தால், ஏழாவது துளை 0.3 மி.மீ. தள்ளி விழும். விவரமான மிஷினிஸ்ட் ஒவ்வொரு துளையையும் முதல் துளையிலிருந்தே கணக்கிடுவார். நான்காவது துளைக்கு 3 பெருக்கல் 360/7. கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் தசமத்தை வெட்டுவார். பிசகு சேராது.

சரி, ரூட் 2 எப்போது முடியும்? முடியவே முடியாது, சுழலவும் சுழலாது. காரணம் எளிது. இனிமேல் சுருக்க முடியாத ஒரு பின்னமாக அதை எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் எண்ணின் வர்க்கம், கீழ் எண்ணின் வர்க்கத்தைப் போல இரு மடங்கு இருக்கும். ஆகவே மேல் எண் இரட்டைப்படை. அதன் வர்க்கம் நான்கால் வகுபடும். அதில் பாதிதான் கீழ் எண்ணின் வர்க்கம். எனவே கீழ் எண்ணும் இரட்டைப்படை. இரண்டுமே இரட்டைப்படை என்றால் இன்னும் சுருக்கலாமே! சுருக்கவே முடியாது என்றல்லவா ஆரம்பம்? ஆக, அப்படி ஒரு பின்னமே கிடையாது. ரூட் 2 விகிதமுறா எண். வட்டத்தில் வரும் 'பை'யும் அப்படியே. 22/7 அதற்குப் பக்கத்து வீடு மட்டுமே. 500 மி.மீ. விட்ட வளையத்துக்கு 22/7 போட்டுத் தகடு வெட்டினால் 0.6 மி.மீ. கூடிவிடும்.

விகிதமுறு, விகிதமுறா எண்கள் எல்லாம் சேர்ந்ததுதான் மெய்யெண்கள். ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும். தமிழில் கால் என்பது கன்னடத்தில் காலு. அரை என்பது தெலுங்கில் அர. பழைய தமிழ்க் கணக்கில் 1/320-க்குக்கூட முந்திரி என்று பெயர் உண்டு. ரூட் 2-க்கு மட்டும் இப்படிச் செல்லப்பெயர் இல்லை. அளந்து கையில் கொடுக்க முடியாத எண்ணுக்குச் சந்தையில் என்ன வேலை?

பட்டறையிலும் அதை யாரும் அளந்ததில்லை. வெர்னியர் 0.02 மி.மீ. படிகளில் பேசும், மைக்ரோமீட்டர் 0.01 படிகளில். எவ்வளவு நுட்பமான கருவியானாலும் அதில் தெரியும் எண் விகிதமுறு எண்தான். சுல்ப சூத்திரக்காரர்கள் யாக மேடைக்கு ரூட் 2-ஐ 577/408 என்று வைத்துக்கொண்டார்கள். ஐந்து தசம இடம் வரை சரி. ஓசூர் ஜாபுக்குத் தாராளம்.

டிராயிங் வரும் ஏ3 தாளையே பாருங்கள். பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வர வேண்டும் என்பதற்காக, நீள அகல விகிதம் ரூட் 2 என்று தீர்மானித்த தாள் அது. ஆனால் முழு மில்லிமீட்டரில் வெட்டியாக வேண்டுமே? 420-க்கு 297. வகுத்துப் பார்த்தால் 1.41414141... சுழல் தசமம்!