நரம்பு கிடைக்காதவருக்குக் கண்ணால் பார்த்தே ஊசி
நிலைப்பாட்டு அறிக்கை

கையில் நரம்பு அகப்படாத நோயாளிக்குக் கழுத்திலோ காரை எலும்பின் கீழோ பெரிய சிரைக்குள் செல்லும் குழாயான சென்ட்ரல் லைன் போட நேர்ந்தால், அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாயைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்த வேண்டும். பெரியநாயக்கன்பாளையம் வட்டார மருத்துவர்களும் செவிலியர்களும் இணைந்த அமைப்பின் நிலைப்பாடு இது. கோவை நகரத்துப் பெரிய மருத்துவமனைகளைப் போலவே, மேட்டுப்பாளையம் சாலையோரத்துச் சிறிய மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும் என்று அமைப்பு கருதுகிறது.

"நரம்பே சிக்க மாட்டேங்குதுங்க டாக்டர்" என்று செவிலியர் கைவிரிக்கும் நோயாளிகள் பலர். டயாலிசிஸில் இருப்பவர், கீமோதெரபி எடுத்தவர், உடல் பருத்தவர், வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வரும் குழந்தை. மலையடிவாரத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் பதிவுசெய்தார்கள். அரிவாள் செல் நோயால் வலி வரும்போதெல்லாம் ட்ரிப் ஏற்ற வேண்டியிருக்கும். குத்திக் குத்தியே நரம்புகள் கெட்டுப்போகும்.

அதே 1952இல்தான் பிரெஞ்சு மருத்துவர் ராபர்ட் ஓபனியாக், காரை எலும்பின் அடியிலுள்ள சிரையில் ஊசி செலுத்தும் முறையை வெளியிட்டார். மறுஆண்டு சுவீடனின் செல்டிங்கர், கம்பியை வழிகாட்டியாக்கிக் குழாயை நுழைக்கும் உத்தியைத் தந்தார். அதன்பின் நெடுங்காலம் எலும்பையும் தசையையும் அடையாளமாக வைத்தே மருத்துவர்கள் ஊசி செலுத்தினார்கள். ஆனால் கழுத்துச் சிரையை ஒட்டியே கரோட்டிட் தமனி ஓடுகிறது. காரை எலும்பின் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. சிரையின் இடமும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்துச் சிரைக்கு அல்ட்ராசவுண்ட் தேவை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002இல் பரிந்துரைத்தது. இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கமும் சென்ட்ரல் லைனுக்கென 2020இல் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டிருக்கிறது.

பிறகு ஏன் தயக்கம்? "பிசிபிஎன்டிடி சட்டம் இருக்குதே" என்பதே அடிக்கடி கேட்கும் பதில்.

கருவில் பெண்ணைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் அது; அல்ட்ராசவுண்ட் கருவியின் பயன்பாட்டை அது கட்டுப்படுத்துகிறது. பெண்சிசுக் கொலையால் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. அந்தச் சட்டத்தில் ஓர் எழுத்துகூடத் தளரக் கூடாது என்பதில் அமைப்பு உறுதியாக இருக்கிறது. ஆனால் பதிவுபெற்ற வளாகத்துக்குள், உள்நோயாளிகளுக்குக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த 2012இன் விதித்திருத்தமே இடமளிக்கிறது. பதிவு செய்த கருவியை ஸ்கேன் அறையில் பூட்டிவைத்துவிட்டு, ஐசியூவில் குருட்டாம்போக்கில் குத்துவதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

கருவி வந்துவிட்டது என்பதற்காக எல்லோருக்கும் சென்ட்ரல் லைன் போடவும் கூடாது. ஒருவர் இரண்டு முறை குத்தியும் வென்ஃபிளான் ஏறவில்லை என்றால், அனுபவமுள்ள இன்னொருவர் அல்ட்ராசவுண்டோடு முன்கையில் தேடட்டும். பலருக்கு அங்கேயே வழி கிடைத்துவிடும். உயிர் ஊசலாடும் நேரத்தில் கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கால் எலும்புக்குள் ஊசி செலுத்தி மருந்து கொடுக்கலாம். சிறுநீரக நோயாளிக்குக் காரை எலும்புச் சிரையையும், கைவழியாகச் செல்லும் பிக் லைனையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். சிரை சுருங்கிவிட்டால் பின்னாளில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலாவுக்குக் கை உதவாது.

லைன் போட்டபின் வரும் கிருமித்தொற்றுக்கும் எளிய மருந்து உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 103 ஐசியூக்கள் கைகழுவுதல், முழு உறைப்பாதுகாப்பு, குளோர்ஹெக்சிடின், தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை அகற்றுதல் ஆகிய ஐந்தைக் கடைப்பிடித்தன. ஆயிரம் லைன் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதங்களில் பூஜ்ஜியமானது. 2006இல் வெளியான முடிவு இது. இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம்.

அமைப்பின் கோரிக்கைகள் நான்கு. ஐசியூ உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும் கருவியைப் படுக்கையருகே பயன்படுத்தும் வகையில் பதிவுசெய்ய வேண்டும். பயன்படுத்தும் மயக்க மருத்துவரின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். மாவட்ட அதிகாரிகள் இதற்கான நடைமுறையைத் தமிழில் எழுத்தாக வெளியிட வேண்டும். லைன் ஏன் தேவை, எத்தனை நாள் இருக்கும் என்பதை நோயாளியின் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே விளக்கிய பிறகே ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும்.