சீசன் கடைக்கு விதி எதற்கு என்கிறவர்களுக்கு

"குற்றாலத்தில் சீசனே மூன்று மாதம். அதற்குள் லைசென்ஸ், சோதனை என்று வந்தால் சிறு வியாபாரி எப்படிப் பிழைப்பான்?" தென்காசிப் பக்கம் அடிக்கடி காதில் விழும் வாதம். பாதி நியாயம், மீதி ஆபத்து.

2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகள் பற்றி எரிந்தன, சிலிண்டர்கள் வெடித்தன. கருகியது யாருடைய முதலீடு? அதே சிறு வியாபாரியுடையதுதான். தார்ப்பாய்க் கூரை, கீழே நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் எண்ணெய்ச் சட்டி, கைக்கெட்டும் தூரத்தில் சிலிண்டர், பக்கத்துக் கடைக்கும் இதற்கும் நடுவே ஒரு துணி. இடைவெளி விடச் சொன்னால் கழுத்தை நெரிப்பதா?

செலவாம்! சிறு உணவுக் கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய் என்றுதான் இருந்தது. பிரானூர் பார்டரில் ஒரு குடும்பம் சாப்பிடும் பரோட்டா பில்லில் கால்வாசி வருமா?

நிஜமான வலி அலைச்சல். பேரூராட்சி, கோயில் நிர்வாகம், உணவுப் பாதுகாப்பு, தீயணைப்பு என்று வாசல் வாசலாக ஏறி இறங்குவதற்குள் சாரல் ஓய்ந்துவிடும். அந்த அலைச்சலைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அந்த நாற்காலியை ஏன் யாரும் கேட்பதில்லை?

பொத்தாம்பொதுவாக விதியைத் தளர்த்தினால் லாபம் யாருக்கு? இயற்கை அருவி நீரைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய ரிசார்ட்டுகள் விஷயத்தில் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே தலையிட வேண்டிவந்தது. சிப்ஸ் கடைக்காரர் பெயரைச் சொல்லி அவர்களுக்குக் கதவு திறக்காதீர்கள். சீசனுக்கு முன், மே மாதத்திலேயே எல்லா அதிகாரிகளையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து அனுமதி தரச் சொல்லுங்கள்.