குதிரைப் பந்தயமும் "உபரி" மைதானங்களும்

நியூசிலாந்து தேசத்தில் சிறு சிறு ஊர்களில் இருந்துவரும் குதிரைப் பந்தயச் சங்கங்கள் தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சில வருஷங்களாகப் படாத பாடு பட்டு வருகின்றன. அதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். "சூதாட்டத்தைக் கண்டிக்க வேண்டிய பத்திரிகை, ரேஸ்காரர்களுக்கு வக்காலத்து வாங்கப் புறப்பட்டுவிட்டதா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுமையோடு முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு தங்கள் தீர்ப்பைச் சொல்லட்டும்.

முதலாவதாக நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். குதிரை மேல் பணம் கட்டுவது சூதாட்டமேயாகும். உழைக்காமல் பணம் வரும் என்கின்ற ஆசையைக் கிளப்பி, உழைத்தவன் கூலியை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொள்ளுகிற எந்த ஏற்பாட்டுக்கும் நாம் விரோதிகளே ஆவோம். ராசி நம்பர், கனவில் வந்த குதிரை, புறப்படும்போது எதிரில் வந்த சகுனம் ஆகியவைகளை நம்பிப் பணம் கட்டுகிறவன், தன் காசையும் புத்தியையும் ஒரே நாளில் தோற்கிறான். ரேஸ் என்றாலே நம் ஜனங்களுக்குக் கிண்டியும், அங்கே மோட்டாரில் வந்து இறங்கிய பிரபுக்களும், சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய குமாஸ்தாக்களுமே ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட ஊர்களின் சங்கதி வேறு.

உதாரணமாக, நியூசிலாந்தின் தென் தீவில் மேற்குக் கரை ஓரமாகக் குமாரா என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைப் பார்த்து இது முருகன் ஸ்தலம் என்று பக்தர்கள் யாரும் மயங்கிவிட வேண்டாம். அங்கே கோபுரமும் இல்லை, உண்டியலும் இல்லை. 1876இல் தங்கம் கிடைக்கிறதென்று கேள்விப்பட்டு மண்வெட்டியோடு ஓடிவந்த கூலிக்காரர்களால் உண்டான ஊர் அது. அவ்வூரில் சாராயக்கடை நடத்தி வந்த ரிச்சர்ட் செடன் என்பவர் அவ்வூருக்கு முதல் மேயராகி, பிற்பாடு 1893 முதல் 1906 வரை அந்தத் தேசத்துக்கே பிரதம மந்திரியாக இருந்தார். தங்கம் தீர்ந்தது, ஜனங்களும் கலைந்துபோனார்கள். இன்று அவ்வூரில் சில நூறு பேர்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஜனவரி மாதத்தில், அங்கே குதிரைப் பந்தயம் நடக்கும். அந்த ஒரு நாளில் ஊர் ஜனத்தொகையைப்போல் பல மடங்கு கூட்டம் சேரும். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள். பட்டணத்து ரேஸ் மைதானங்களில் மெம்பர்களுக்கென்று தனி இடம், மற்றவர்களுக்கென்று தனி இடம் என்று அடைத்து வைத்திருப்பதுபோல் இங்கே அவ்வளவு வித்தியாசம் பார்க்க முடியாது. பண்ணைக்காரனும் பண்ணை ஆளும் ஒரே புல் தரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இத்தகைய ஊர்களில் வேலி கட்டுவது, புல் வெட்டுவது, சோறு சமைப்பது, சீட்டுக் கிழிப்பது முதலிய காரியங்களில் பெரும்பாகத்தை ஊரார் கூலி வாங்காமலே செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட சங்கங்களுக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பணம் எந்த வழியாக ஓடுகிறதென்று பார்க்க வேண்டும்.

அந்தத் தேசத்தில் 1910இல் ஒரு சட்டம் செய்து, பணம் வாங்கிப் பந்தயம் கட்டும் புக்கிகளை ஒழிக்க முற்பட்டார்கள். அதன்பின் பணம் கட்டுவதானால் மைதானத்துக்கு நேரில் போய், டோட்டலைசேட்டர் என்னும் பொதுக் கணக்கில்தான் கட்ட முடியும். எல்லோரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, வரியையும் செலவையும் கழித்துக்கொண்டு, மீதியைக் கெலித்தவர்களுக்குப் பங்கு போடுவதே இந்த டோட்டலைசேட்டரின் வேலை. ஆகவே, அக்காலத்தில் ஒரு சங்கத்துக்கு வருமானம் வேண்டுமானால் ஜனங்கள் அந்த ஊருக்கு வந்தாக வேண்டும். ஆனால் சட்டத்தை ஏமாற்றி மூலைக்கு மூலை திருட்டுப் புக்கிகள் கிளம்பினார்கள். அதன்மேல் 1949இல் ஜனங்களிடம் நேராக ஓட்டு எடுத்து, 1951இல் டி.ஏ.பி. என்னும் ஸ்தாபனத்தை உண்டாக்கி, மைதானத்துக்கு வராமலே ஊர்க் கடையில் பணம் கட்ட அனுமதி கொடுத்தார்கள். அன்று கடைக்குப் போன பணம் பிறகு டெலிபோனுக்குப் போயிற்று. இன்று ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் உள்ள கைபேசிக்குள்ளேயே போய்விட்டது. 2023இல் டி.ஏ.பி.யின் பந்தய வியாபாரத்தை நடத்தும் வேலை, என்டெய்ன் என்னும் பிரிட்டிஷ் கம்பெனியிடம் 25 வருஷ ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டாயிற்று.

இதன் பலன் என்னவென்றால், எந்த ஊரில் எத்தனை பேர் கூடினார்கள் என்பது கணக்கில் சின்ன விஷயமாகிவிட்டது. தேசம் முழுவதும், தேசத்துக்கு வெளியிலும், அந்தப் பந்தயத்தின் மேல் எவ்வளவு பணம் கட்டப்பட்டது என்பதே பெரிய விஷயமாகிவிட்டது. வந்த லாபம் மேலே உள்ள நிர்வாக சங்கத்துக்குப் போய், அங்கிருந்து சிறு சங்கங்களுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பந்தயம் நடத்த எந்தச் சங்கத்துக்கு எந்தத் தேதி கொடுப்பது என்பதும் மேலே உள்ளவர்கள் இஷ்டமே. தேதி இல்லையானால் பணம் இல்லை. பணம் இல்லையானால் சங்கமும் இல்லை.

இந்நிலையில், 2018இல் அந்நாட்டு சர்க்கார், ஆஸ்திரேலியாவில் குதிரை வளர்ப்பிலும் பந்தய நிர்வாகத்திலும் பேர்பெற்ற ஜான் மெசாரா என்பவரை வரவழைத்து ஓர் அறிக்கை எழுதி வாங்கியது. அந்த அறிக்கை, ஜாதிக்குதிரைப் பந்தயம் நடக்கும் 48 மைதானங்களை 28ஆகக் குறைக்க வேண்டும் என்றும், மூடப்படும் மைதானங்களின் நிலத்தை விற்று மற்ற மைதானங்களைச் சீர்திருத்த வேண்டும் என்றும், பரிசுப் பணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும் என்றும் யோசனை கூறியது. மூட வேண்டியவைகளின் ஜாபிதாவில் குமாராவும், அதே கரையிலுள்ள ரீஃப்டன், கிரேமவுத் ஆகிய ஊர்களும் இருந்தன. உடனே ஊர் ஊராகக் கூக்குரல் எழுந்தது. குமாரா ஊரார் விட்டுக்கொடுக்கவில்லை. அறிக்கை வெளிவந்த பின்னும் அங்கே ஜனவரி மாதத்தில் குதிரைகள் ஓடத்தான் ஓடின.

நிற்க, அறிக்கைக்காரர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வருஷத்தில் ஒரு நாள் ஓடும் மைதானத்துக்கும் வேலி வேண்டும், தண்ணீர் வேண்டும், லாயம் வேண்டும், மிருக வைத்தியர் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும். தரை வழுக்கிக் குதிரை விழுந்தால் ஜாக்கியின் உயிருக்கு யார் ஜவாப்? அன்றியும் அந்நாட்டில் வருஷந்தோறும் பிறக்கும் பந்தயக் குதிரைக் குட்டிகளின் தொகையும் குறைந்துகொண்டே வருகிறது. இருக்கிற குதிரைகளை ஐம்பது இடத்துக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலைந்து குதிரைகளே மிஞ்சும். இவை எல்லாம் உண்மையே. உண்மையை ஒப்புக்கொள்ள நாம் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை.

ஆனால் நாம் கேட்பது வேறு கேள்வி. ஒரு மைதானம் "உபரி" என்று தீர்மானிப்பவர்கள் யார்? அந்த நிலத்தை விற்ற பணம் யாருக்குப் போகும்? 2020இல் செய்யப்பட்ட பந்தயத் தொழில் சட்டத்தின்படி, ஒரு மைதானம் பந்தயத்துக்கு இனி வேண்டாம் என்று ஏற்பட்டால், அதன் சொத்தைப் பற்றி ஊர்ச் சங்கமும் மேல் சங்கமும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அப்படி வராமற்போனால், சர்க்கார் உத்தரவினாலேயே அந்தச் சொத்தை மாற்றிக் கொடுக்கவும் சட்டத்தில் வழி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர் ஜனங்களின் நன்மையையும் கவனிக்க வேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதியிருப்பது வாஸ்தவந்தான். என்றாலும், தேதி கொடுக்க மாட்டேன் என்று சொல்லி மைதானத்தை உபரியாக்கும் அதிகாரமும், உபரியான நிலத்துக்குப் பாத்தியம் கோரும் உரிமையும் ஒரே கையில் இருக்குமானால் அதற்கு என்ன பெயர்? வைத்தியனே நோயாளியின் சொத்துக்கு வாரிசாகவும் இருந்தால் அவன் கொடுக்கும் மருந்தை யார் நம்பிக் குடிப்பார்கள்? பாட்டன் காலத்தில் ஊரார் காசு போட்டு வாங்கி, தகப்பன் காலத்தில் மண் சுமந்து சமன் செய்த நிலத்தை, எங்கேயோ இருக்கும் ஒரு மேஜையில் நாலு பேர் உட்கார்ந்து "இது உங்களுக்கு அதிகம்" என்று சொல்லுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இன்னுமொரு புரட்டையும் வெளிப்படுத்த வேண்டியிருக்கிறது. சிறு மைதானங்களை மூடினால் சூதாட்டம் குறையும் என்று யாராவது எண்ணினால் அது பெரிய ஏமாற்றமாகும். மூடச் சொல்லுகிறவர்களே அப்படிச் சொல்லவில்லை! பந்தயப் பணம் இன்னும் பெருக வேண்டும் என்பதற்காகவே மூடச் சொல்லுகிறார்கள். குமாராவில் ஒரு நாள் வெயிலில் நின்று, பத்துப் பேர் கண்ணெதிரில், பெண்டு பிள்ளைகளோடு பத்து டாலர் கட்டித் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கும், நடு இரவில் படுக்கையில் கிடந்து யாருக்கும் தெரியாமல் கைபேசியில் தன் மாதச் சம்பளத்தைத் தொலைக்கிறவனுக்கும் வித்தியாசம் இல்லையா? முதலாவது சூதை வெட்கமும் அந்திப் பொழுதும் நிறுத்திவிடும். இரண்டாவதை நிறுத்த என்ன இருக்கிறது? வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஜனங்கள் பணம் கட்டுவதைத் தடுக்க அந்த சர்க்கார் 2025இல் ஒரு சட்டம் செய்திருக்கிறது. அந்தப் பணம் தங்கள் சொந்த ஸ்தாபனத்துக்கே வர வேண்டும் என்பதுதான் அதன் முக்கிய நோக்கமே அல்லாமல், ஜனங்கள் பணம் கட்டுவதையே விட்டுவிட வேண்டும் என்பதல்ல. ஆகவே, சூதாட்டத்தை வெறுக்கும் நம் போன்றவர்கள்கூட, சிற்றூர் மைதானம் மூடப்படுவதைக் கண்டு சந்தோஷப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

இனி அந்தச் சிறு சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "இது எங்கள் பாட்டன் காலத்துப் பழக்கம், ஆகையால் இதைத் தொடக் கூடாது" என்று அவர்களில் சிலர் வாதாடுகிறார்கள். இந்த வாதம் நமக்குக் கொஞ்சமும் சம்மதமல்ல. பழைமை என்பது ஒரு காரியத்துக்கு வயதைக் காட்டுமே தவிர யோக்கியதையைக் காட்டாது. பாட்டன் காலத்தது என்பதற்காகக் காப்பாற்றுவதென்று ஆரம்பித்தால், உலகத்தில் எந்த மூடப்பழக்கத்தைத்தான் ஒழிக்க முடியும்? அவர்கள் காட்ட வேண்டியது கணக்கு. தங்கள் மைதானத்தால் ஊருக்கு இன்றைக்கு என்ன பயன் என்பதை அவர்கள் ரூபிக்க வேண்டும். பந்தயம் ஒரு நாள் என்றால் மீதி 364 நாளும் அந்த நிலம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடவும், சந்தை கூடவும், வெள்ளக் காலத்தில் ஜனங்கள் ஒதுங்கவும் பயன்பட வேண்டும். பரிசுப் பணத்துக்கு மேலிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இராமல், நுழைவுச் சீட்டிலும் சாப்பாட்டிலும் ஊரார் நன்கொடையிலும் தங்கள் காலில் நிற்க வழி தேட வேண்டும். குதிரைக்கும் ஜாக்கிக்கும் பத்திரமில்லாத தரையில் ஒரு ஓட்டமும் நடத்தக் கூடாது.

இது நடக்கக்கூடிய காரியந்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஆஸ்திரேலியாவில் பர்ட்ஸ்வில் என்னும் ஊரைப் பார்க்கட்டும். பாலைவனத்தின் ஓரத்தில் சுமார் நூறு பேரே குடியிருக்கும் அவ்வூரில் 1882 முதல் குதிரைப் பந்தயம் நடந்து வருகிறது. 2007இல் குதிரைகளுக்கு வந்த தொத்துச் சுரத்தினாலும், 2010இல் மழையினாலும், 2020, 2021 வருஷங்களில் கொரோனாவினாலும் நின்றும்கூட அது செத்துப்போகவில்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் புழுதியில் பல நூறு மைல் கடந்து வருகிறார்கள். எட்டாத ஊர்களுக்கு ஆகாய விமானத்தில் வைத்தியரை அனுப்பும் ஸ்தாபனத்துக்கு அந்தப் பந்தயத்தின் மூலம் நிதி சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. கூடுகின்ற கூட்டத்தை ஒரு நல்ல காரியத்துக்குத் திருப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

எனவே, நமது முடிவான அபிப்பிராயம் இதுதான். எந்த ஊர்ச் சங்கமாவது தன் மைதானத்தைத் தானே நடத்த முடியாமல் தானாக மூடிக்கொள்ளுமானால் அதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப்போவதில்லை. ஆனால் மூடுவதா வேண்டாமா என்பதை அந்த ஊர் ஜனங்களே தீர்மானிக்க வேண்டும். மூடினாலும் நிலம் அந்த ஊரின் பொதுச் சொத்தாகவே நிற்க வேண்டும். பந்தயம் ஒழிந்த இடத்தில் பள்ளிக்கூடமோ விளையாட்டு மைதானமோ வருவதானால் நாமே முதலில் மகிழ்ச்சியடைவோம். அதை விற்று, எங்கோ பட்டணத்தில் பணக்காரன் குதிரைக்குப் பரிசு கொடுப்பதானால், அது சூதாட்டத்தோடு பகற்கொள்ளையையும் சேர்த்துக்கொள்வதே ஆகும்.

நம் ஊர்களிலும் பொது நிலமும் பொதுக் குளமும் பொது மைதானமும் இருக்கின்றன. "உங்களுக்கு இது எதற்கு?" என்று மேலேயிருந்து ஒரு காகிதம் வரும்போது, முதலில் கேட்க வேண்டிய கேள்வி "இதைத் தீர்மானித்தது யார், இதில் லாபம் யாருக்கு?" என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியமில்லாத ஊரில் குதிரை ஓடினாலென்ன, நின்றாலென்ன?