எலும்புக்குத் தண்ணீர்: புட்டியிலா, குழாயிலா?

எலும்பு உறுதியாக வேண்டுமானால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த மினரல் வாட்டர் குடியுங்கள் என்று இப்பொழுது ஒரு பிரசாரம் பலமாக நடக்கிறது. வசதியுள்ளவர்கள் வாங்கிக் குடித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பேச்சு வீராம்பட்டினத்துக் கடற்கரை வரை வந்துவிட்டது. மீன் நிறைந்த அன்னக்கூடையை வருஷக்கணக்காகத் தலையில் சுமந்து இடுப்பும் முழங்காலும் தேய்ந்த பெண்களிடம், "நல்ல தண்ணியா வாங்கிக் குடிம்மா" என்று புத்தி சொல்ல ஆள் இருக்கிறது. ஆகவே நாம் இதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

விளம்பரக்காரன் சொல்வது முழுப் பொய்யல்ல. நம் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சமுள்ள ஒரு பங்குதான் ரத்தத்திலும் தசையிலும் நின்று இருதயத்தை இயக்குகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடன்காரன் வீட்டுச் சாமானைத் தூக்கிப் போவது போலத்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த நஷ்டம் வேகமாக நடக்கிறது. அதற்குப் பின் ஒரு சிறு வழுக்கலில் விழுந்தாலும் இடுப்பெலும்பு முறிகிறது. தினசரிச் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் சொல்லின. அதற்கு முன் 600 போதும் என்றிருந்தார்கள். தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தையும் உடம்பு ஏறக்குறைய பாலில் உள்ளதைப் போலவே ஏற்றுக்கொள்கிறது. பிரான்சில் கோன்ட்ரெக்ஸ் என்று ஒரு ஊற்றுத் தண்ணீர் விற்கிறார்கள். அதில் லிட்டருக்கு 468 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு லிட்டர் குடித்தால் தினசரித் தேவையில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். பேர் பெற்ற எவியானில் 80 மில்லிகிராம்தான்.

இங்கே நம் கடைகளில் "மினரல் வாட்டர்" என்று சொல்லி விற்பது பெரும்பாலும் மினரல் வாட்டரே அல்ல! இந்தியத் தரச் சட்டப்படி ஊற்றிலிருந்து இயற்கையாக வரும் தாதுநீருக்கு ஒரு தர எண். சாதாரணமாகச் சுத்திகரித்துப் புட்டியில் அடைத்த தண்ணீருக்கு வேறு எண். ஜனங்கள் வாங்குவது இரண்டாவது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் தள்ளி எடுத்தது அது. ஆர்.ஓ. உப்பை எடுக்கும்போது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. சில கம்பெனிகள் பின்னால் கொஞ்சம் தாது சேர்க்கின்றன. தெருவில் வரும் 20 லிட்டர் கேனில் என்ன சேர்த்தார்கள், எவ்வளவு சேர்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

விஷயம் இப்படி இருக்கிறது: கிணற்றில் இருந்த சுண்ணாம்பை முதலில் காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறான். பிறகு எலும்புக்கு நல்லது என்று சொல்லி அதே சுண்ணாம்பை இன்னும் அதிகக் காசுக்குத் திருப்பி விற்கிறான். இரண்டு லாபத்தையும் தருபவன் ஒரே ஆள்.

கணக்குப் பார்ப்போம். குடிதண்ணீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் சுண்ணாம்பு இருப்பது ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 200 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 75 உள்ள குழாய்த் தண்ணீரை வெயிலில் உழைப்பவர் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் 225 மில்லிகிராம் கிடைக்கிறது. தேவையில் ஏறக்குறைய கால் பங்கு, புட்டி விலை இல்லாமல். ஆர்.ஓ. கேன் தண்ணீரில் அந்தக் கால் பங்கு அநேகமாகச் சூன்யம். மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது சும்மா அல்ல. நல்ல தண்ணீரில் உள்ள சத்தும் போகிறது, கழிவாகத் தண்ணீரும் வீணாகிறது.

"கடினத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வருமே" என்று பலர் பயப்படுகிறார்கள். கல்லுக்கு முக்கியமான காரணம் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பது. விடியுமுன் படகேறி ஒரு சின்ன கேனோடு வெயிலில் நாளைக் கழிக்கும் மீனவருக்கு இது நன்றாகவே பொருந்தும்.

அப்படியானால் குழாயில் எது வந்தாலும் குடிக்கலாமா? கூடாது. கடற்கரையோரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைப்பதால் கடல் நீர் அடியில் ஏறி வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையோரத்துக் கிணறுகள் பலவற்றை உப்பாக்கியது. சோற்றுப்பு மிகுந்தால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் கூடுதலாக வெளியேறும். ஆகவே கரிக்கும் தண்ணீர் எலும்புக்கும் நல்லதல்ல. புளோரைடு இன்னும் மோசம். அன்றைய சென்னை மாகாணத்தில் புளோரைடு தண்ணீரால் எலும்பு வளைந்து மனிதர்கள் முடமாவதை 1937லேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது 2013இல். இடையில் 76 வருஷம்! தண்ணீரால் எலும்பு கெடும் என்பது நம் நாட்டில் இப்படித்தான் தெரிந்தது. அந்த ஜனங்களைக் காப்பாற்ற எந்தப் புட்டிக் கம்பெனியும் வரவில்லை. பொதுப் பணத்தில் போட்ட குழாய்தான் வந்தது.

வீராம்பட்டினத்துக்கு அயல்நாட்டுச் சாடி புதிதல்ல. கூப்பிடு தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் கடல் தாண்டிச் சாடியில் வந்த சரக்கு காசுள்ளவன் வீட்டுக்குத்தான் போயிருக்கும். ஊர் குடித்தது உறைக்கிணற்றுத் தண்ணீரை; அந்த உறைகளும் அங்கே அகப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள்கூட, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து புதுவைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்கு அடையாளமாக ஆயி மண்டபம் இன்றும் நிற்கிறது. காலனி ஆதிக்கக்காரனுக்கும் தெரிந்திருந்தது, ஊருக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலும் குழாயும் என்று.

அதே பிரான்சில் இன்று புட்டித் தண்ணீரின் யோக்கியதை என்ன? கோன்ட்ரெக்ஸ், எப்பார், விட்டெல், பெரியே ஆகியவற்றை விற்ற நெஸ்லே கம்பெனி, இயற்கை ஊற்று நீருக்குத் தடை செய்யப்பட்ட சுத்திகரிப்பைத் தான் செய்து வந்ததாக 2024 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் 20 லட்சம் யூரோ கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. இயற்கை என்ற பெயருக்காகத்தானே ஜனங்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள்?

சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் மட்டுமா இருக்கிறது? வீராம்பட்டினத்துக்காரரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் இல்லாத சுண்ணாம்பா! 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை இருக்கிறது. ஆனால் நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் கரையில் ஏழைக்கு மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. தமிழகக் கடற்கரை நெடுகிலும் பொடிமீன் லாரி லாரியாக மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. பிடித்தவன் வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, மெல்லிய குழம்பு. மீன் விற்கும் பெண் நல்ல மீனை விற்றுவிட்டு, மிஞ்சியதை வீட்டாருக்குப் போட்டு, தனக்குக் குழம்பு ஊற்றிக்கொள்கிறாள். அவளுடைய எலும்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்தத் தட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும். கருவாட்டை நாம் குறை சொல்லவில்லை. உப்பு மட்டும் அளவோடு இருக்கட்டும்.

புதுவைப் பிரதேசத்துக் கிராம வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு தந்தாகிவிட்டது என்று சர்க்கார் 2021இல் அறிவித்தது. நல்லது. குழாய் இருக்கிறது என்றால், அதில் வருவது என்ன என்று சொல்லவேண்டும். மொத்த உப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, புளோரைடு எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதித்து, தமிழில் எழுதி, மீன் ஏலம் விடும் இடத்தில் ஒட்டவேண்டும். தண்ணீர் கெட்டிருந்தால் உள்ளே தள்ளியுள்ள நல்ல கிணறுகளிலிருந்து கொண்டுவரவேண்டும். ஆர்.ஓ. தவிர்க்க முடியாத இடத்தில், எடுத்த சுண்ணாம்பைத் தேவையான அளவுக்குத் திரும்பச் சேர்த்து, அந்த அளவையும் எழுதி ஒட்டவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்புச் சோதனைக்கு வழி செய்யவேண்டும். பள்ளிக்கூடச் சத்துணவில் கேழ்வரகும் பாலும் ஒழுங்காக வரவேண்டும். இவற்றில் எது முடியாத காரியம்?

ஆடி மாதத்தில் செங்கழுநீரம்மன் தேர்த் திருவிழாவுக்கு ராஜ்யாதிபதியே வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து வரும் வழக்கம்; இப்பொழுது துணைநிலை ஆளுநர் வருகிறார், மந்திரிகளும் வருகிறார்கள். வெயில் நாள், அவர்கள் கையில் ஆளுக்கொரு புட்டி இருக்கும். ஊர்ப் பஞ்சாயத்தாரும் மீனவப் பெண்களும் அன்றைக்கே அந்தச் சோதனைத் தாளைக் கேட்கலாம்.